ஆசிரியர்களுக்கு ஆசிரியர்

பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் 1651-ஆம் ஆண்டு, செல்வக் குடும்பம் ஒன்றின் தலைமகனாகப் பிறந்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 1678-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்க வந்த நியேல் என்பவருக்குச் சிறிது உதவப் போனவர், தம் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பணிக்கே கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கு இடம் கிடைத்தது, பிள்ளைகளும் வந்தனர். நன்றாகக் கற்பிக்கத் தெரிந்தவர்கள்தாம் கிடைக்கவில்லை. ஆகவே 1681-இல் அடிகளார் ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் பழக்கினார். உறவினர்கள் முகம் சுளித்தனர். ஆசிரியர்களோ, சொத்துள்ளவர் எங்களுக்குத் துணிவு சொல்வது எளிது என்று முணுமுணுத்தனர். அடிகளார் பேராலயப் பதவியைத் துறந்தார். பஞ்சத்தில் தம் செல்வத்தையும் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். கிராமங்களுக்கு ஆசிரியர்களை அனுப்ப ரெய்ம்ஸில் ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். ஆசிரியப் பயிற்சி என்பது அரிதாக இருந்த காலம் அது!

பின்னர் பாரிசில், 1699-இல், வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஞாயிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே கணக்கும், தேர்ந்தவர்களுக்கு வடிவியலும் வரைகலையும் உண்டு. இவற்றைக் கற்பிக்கத் தம் சபைச் சகோதரர் இருவரைச் செலவு செய்து படிக்க வைத்தார். அவர்கள் நன்றாகத் தேர்ந்தார்கள். தேர்ந்ததும் சபையை விட்டே போய்விட்டார்கள்! வெளியில் அந்தக் கல்விக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஞாயிறு பள்ளி மூடப்பட்டது.

வேறு சகோதரர்களைப் படிக்க அழைத்தபோது, அவர்கள் வேண்டாம் என்று மன்றாடினர். கணக்குக்குப் பயப்படுபவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. ஆனால் அவர்கள் பயந்த காரணம் வேறு: அதைக் கற்றால் தங்கள் துறவற அழைத்தலை இழந்துவிடுவோமோ என்பதுதான். பயிற்சியில் குறை இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. பயிற்சி பெற்றவரை வகுப்பறையிலேயே நிலைக்கச் செய்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

துன்பம் அதோடு நிற்கவில்லை. எழுத்தும் கணக்கும் கற்பிப்பது தங்கள் தொழில் என்று எழுத்தாசிரியர் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 1704-இல் பள்ளிப் பொருள்கள் பறிமுதலாயின, அபராதமும் விழுந்தது.

ஆயினும் அடிகளார் கணிதத்தைக் கைவிடவில்லை. 1705-இல் ரூவான் நகருக்கு அருகே சேன் யோன் என்னும் இடத்துக்குச் சபையின் இல்லத்தை மாற்றினார். அங்கே நடந்த விடுதிப் பள்ளியில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கணிதமும் வணிகக் கணக்கும் பயின்றனர். கற்பித்தவர்கள் அவருடைய சகோதரர்களே. அந்த இல்லத்திலேயே 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று, அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 1900-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.