பரோடா மன்னர் சயாஜிராவ்

ஓர் அரசு தன் குடிகளுக்குச் செய்யத்தக்க நன்மைகளுள் கல்வி அளிப்பது தலையாயது. சமயத் துறையில் அவ்வரசு எவ்வளவு தூரம் புகலாம் என்பதோ அன்றும் இன்றும் எளிதில் விடை காணவியலாத வினா. இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொண்டு, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆட்சி புரிந்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். அன்னார் வளர்த்த வடோதரா நகரில் குடியேறி வாழும் நாம், அவர் வரலாற்றை அறிந்துகொள்வது கடமையாகும்.

1863-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், நாசிக்கை அடுத்த கவ்லானா என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபால்ராவ். 1875-இல் மல்ஹர்ராவ் மன்னரை ஆங்கில அரசு பதவியினின்றும் நீக்கவே, முன்னாள் மன்னர் கண்டேராவின் தேவியாராகிய ஜம்னாபாய் இச்சிறுவரைத் தத்தெடுத்தார். அரியணை ஏறியபோது அவருக்கு அகவை 12. முறையான கல்வி அதன் பின்னரே தொடங்கிற்று.

அந்நாளில் திவானாக விளங்கியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் ஆவார். எலியட் என்னும் ஆங்கிலேயர் இளவரசருக்கு ஆசிரியராக அமைந்தார். மாதவராவோ அரசியல் நெறி பற்றி விரிவுரைகள் ஆற்றினார். 1880-இல் மன்னர் மணந்த முதல் தேவியார் தஞ்சையிலிருந்து வந்தவர். அவருடன் தஞ்சை நாட்டியக் கலைஞரும் பரோடா வந்து சேர்ந்தனர். நமக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு நாம் வந்த பிறகு தோன்றியதன்று.

1881-இறுதியில் முழு அதிகாரம் பெற்ற மன்னர், தாம் காலங்கடந்து பெற்ற கல்வியைக் குடிகள் உரிய வயதிலேயே பெறவேண்டுமென விரும்பினார். 1893-இல் அம்ரேலிப் பகுதியில் இலவசக் கட்டாயக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906-இல் சமஸ்தானம் முழுமைக்கும் விரிவாக்கினார். ஆண் மக்களோடு பெண் மக்களும் அச்சட்டத்தில் அடங்கினர். கோகலே 1911-இல் மத்திய சட்டசபையில் கட்டாயக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, பரோடாவின் அனுபவம் அவருக்குத் துணைநின்றது. கற்றோர் கற்றதை மறவாதிருக்க நூலகங்களும் வேண்டுமென உணர்ந்த மன்னர், 1910-இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக வல்லுநரை வரவழைத்தார். மத்திய நூலகம் எழுந்தது. சிற்றூர்களுக்கும் புத்தகப் பெட்டிகள் சென்றன.

கல்வியைப் பரப்ப முற்பட்ட மன்னர், சமய வழக்கங்களோடு மோதாமல் இருக்க முடியவில்லை. தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு அவர் பள்ளிகள் திறந்தபோது, கற்பிக்க மேல்சாதி ஆசிரியர் முன்வரவில்லை. இஸ்லாமியரும் ஆரிய சமாஜத்தாருமே அப்பணியை ஏற்றனர். 1904-இல் குழந்தை மணத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றினார். தண்டம் கட்டிவிட்டு மணம் முடித்தோர் பலர். 1915-இல் வந்த புரோகிதர் சட்டமோ, சடங்கு செய்விப்போர் தேர்வில் தேறிச் சான்று பெறவேண்டும் என விதித்தது. 1933-இல் சிறுவருக்குத் துறவுத் தீட்சை அளிப்பதும் தடுக்கப்பட்டது.

இவை சமயத்தில் அத்துமீறிய தலையீடு எனக் குறை கூறினோரும் உண்டு. குடிகளின் வாக்கைப் பெறாத ஒரு மன்னர் ஆணையால் செய்தவை இவை என்பதையும் நாம் மறுக்கவியலாது. எனினும், எந்தத் தெய்வத்தை வணங்குவது என்று அவர் எவருக்கும் கட்டளையிடவில்லை. வழக்கம் என்ற பெயரால் ஒரு குழந்தையின் படிப்போ வாழ்வோ தடைப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் சட்டம் குறுக்கிட்டது. பரோடாக் கல்லூரியில் பல சமயங்களையும் ஒப்புநோக்கிக் கற்பிக்க ஏற்பாடு செய்ததும் அவரே.

ஆயின் சட்டத்தின் எல்லையை 1917-ஆம் ஆண்டு காட்டிற்று. மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அம்பேத்கர், சமஸ்தானப் பணியேற்க இந்நகர் வந்தார். அவர் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பிறப்பை மறைத்துத் தங்கினார். செய்தி அறிந்தோர் தடியுடன் வந்து வெளியேறச் சொல்லினர். அரசு வீடு வேண்டி அவர் செய்த விண்ணப்பம் முடிவுறாமல் கிடந்தது. இரவு இரயில் வரும் வரை காமாட்டி பாக் பூங்காவில் காத்திருந்து, அவர் பம்பாய் திரும்பினார். இன்று சயாஜி பாக் என வழங்கி, நம் குழந்தைகள் விளையாடும் பூங்காவே அது. உலகின் சிறந்த கல்வியை ஒருவருக்கு அளிக்க மன்னரால் இயன்றது. தம் தலைநகரில் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத்தர இயலவில்லை.

சயாஜிராவ் 1939 பிப்ரவரி 6-ஆம் நாள் பம்பாயில் காலமானார். 1949-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மக்களுள் பலர் அங்கே பயின்று உயர்ந்தனர்.

வேற்று மொழி பேசிவந்த நமக்கு இந்நகரம் வீடு தந்தது. ஆதலின், நம் காலனியில் வீடு கேட்டு வருவோரிடம் சாதியும் சமயமும் வினவாது இடம் தருதல் வேண்டும். அம்மன்னர் முடிக்காது விட்டுச்சென்ற பணி அது. எந்த அரசின் ஆணைக்கும் காத்திராமல் நாமே செய்யத்தக்கதும் ஆகும்.