கைகளால் நலம் தேடிய ஸ்டில்

மாணவர்களே! நெடுநேரம் குனிந்து எழுதியபின் கழுத்து வலித்தால் நம் கை தானாகவே வலிக்கும் இடத்தைத் தேடிச் செல்கிறது. சிறிது நேரம் அழுத்தித் தேய்த்ததும் வலி சற்றே தணிகிறது. இந்த எளிய உண்மையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் சிந்தித்து, அதிலிருந்து ஒரு மருத்துவ முறையையே உருவாக்கிய ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அவர் உருவாக்கிய முறை ஆஸ்டியோபதி எனப்படுகிறது. எலும்பு, துன்பம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் அமைந்தது.

இளமைப் பருவம்

ஸ்டில் 1828ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ஆப்ரம் ஸ்டில் கிறித்தவ சமயப் போதகர், மருத்துவரும் ஆவார். போதகர் பணியின் காரணமாக அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்துகொண்டே இருந்தது. வர்ஜீனியாவிலிருந்து டென்னசிக்கும், அங்கிருந்து மிசௌரிக்கும், பின்னர் கான்சஸ் பகுதிக்கும் சென்று குடியேறியது. பிறந்த மண்ணைவிட்டுப் புதுமண்ணில் வேரூன்றும் வாழ்வை ஸ்டில் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

ஏறத்தாழப் பத்து வயதில் ஒருநாள் அவருக்குக் கடுந்தலைவலி உண்டாயிற்று. தந்தையின் ஏர்க்கயிற்றை இரு மரங்களுக்கிடையே கட்டி ஊஞ்சலாட எண்ணினார். தலைவலியால் ஆட இயலவில்லை. எனவே கயிற்றைத் தரைக்குச் சற்று மேலே இருக்குமாறு தாழ்த்தி, அதன்மேல் போர்வையை மடித்திட்டு, கழுத்தை அதில் வைத்துப் படுத்தார். அப்படியே உறங்கிப்போனார். விழித்தபோது தலைவலி நீங்கியிருந்தது. இதன் காரணம் அன்று அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சியை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

போரும் துயரும்

ஸ்டில் தந்தையிடமே மருத்துவம் பயின்றார். கான்சஸில் ஷானி என்னும் பழங்குடி மக்களிடையே இருவரும் மருத்துவப் பணி செய்தனர். மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருப்பதைத் தந்தையும் மகனும் அறவே வெறுத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ஆம் ஆண்டில் மூண்டபோது ஸ்டில் அடிமைமுறையை எதிர்த்த வடபகுதிப் படையில் சேர்ந்து பணியாற்றினார்.

போர் முடியுமுன்னே பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. 1864ஆம் ஆண்டில் தண்டுவட மூளைக்காய்ச்சல் அவர் வீட்டினுள் நுழைந்தது. மருத்துவர்கள் வந்தனர், அறிந்த மருந்துகளையெல்லாம் கொடுத்தனர். பயனில்லை. மூன்று பிள்ளைகள் இறந்தனர். மருத்துவராக இருந்தும் தம் மக்களைக் காக்க இயலவில்லையே என்னும் எண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது.

அக்கால மருத்துவத்தில் பாதரசம் கலந்த மருந்துகள் மிகுதியாக வழங்கின. அவற்றை உண்டோர் சிலருக்கு வாய் புண்ணாகிப் பற்களும் உதிர்ந்தன. உடலிலிருந்து குருதியை வடித்தெடுப்பதும் மருத்துவமாகக் கருதப்பட்டது. நோயைவிட மருந்தே மிகுதியாகத் துன்புறுத்துவதை ஸ்டில் கண்டார். இதற்கு மாற்றுவழி இருத்தல் வேண்டும் என உறுதிகொண்டார்.

புதுவழி

அவர் பல்லாண்டுகள் மனித எலும்புகளையும் மூட்டுகளையும் தசைகளையும் நுணுகி ஆராய்ந்தார். உடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உடையது. எலும்பும் தசையும் தம் நிலையில் செவ்வனே அமைந்தால் குருதி தடையின்றி ஓடும். குருதி நன்கு ஓடினால் உடல் நலம்பெறும் என்பது அவர் கண்ட முடிவு. 1874ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாளைத் தம் முறை பிறந்த நாளாக அவர் குறித்துக்கொண்டார்.

புதுக்கருத்தை உலகம் உடனே ஏற்கவில்லை. ஸ்டில் குடும்பத்தார் பேக்கர் பல்கலைக்கழகம் உருவாக உதவியவர்கள். அங்கேயே தம் முறையை விளக்க அவர் இசைவு கேட்டபோது மறுப்பே கிடைத்தது. உறவினரும் அவரை ஏளனம் செய்தனர். எனவே 1875ஆம் ஆண்டில் மிசௌரியிலுள்ள கர்க்ஸ்வில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். ஊர் ஊராகச் சென்று மருத்துவம் பார்த்தார். வறுமை வாட்டியபோதும் மனைவி மேரி எல்வைரா அவருக்கு உறுதுணையாக நின்றார்.

மெல்ல மெல்ல அவர் புகழ் பரவியது. தொலைவிலிருந்து மக்கள் தொடர்வண்டியில் ஏறிக் கர்க்ஸ்வில் வந்தனர். 1892ஆம் ஆண்டில் அவர் அங்கே ஆஸ்டியோபதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில் முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1897ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலம் இம்முறைக்குச் சட்ட ஏற்பு அளித்தது. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், தம் 89ஆம் வயதில், ஸ்டில் கர்க்ஸ்வில்லில் காலமானார்.

இம்முறை செயற்படுவது எவ்வாறு?

இம்மருத்துவர் முதலில் நோயாளியின் நிற்கும் நிலையையும் நடையையும் உற்றுநோக்குவார். பின்னர் விரல்களால் தொட்டு, எத்தசை இறுகியுள்ளது, எம்மூட்டு அசைய மறுக்கிறது என்று அறிவார். இறுகிய தசையை மெல்ல அழுத்தி நீட்டுவார். மூட்டை அதன் எல்லைக்குள் பையப்பைய அசைப்பார். சிலவேளை நோயாளியே தம் தசையால் மருத்துவரின் கைக்கு எதிராக அழுத்த, பின் அத்தசை தளர்ந்து கொடுக்கும். இவற்றுடன் நேராக அமர்தல், உடற்பயிற்சி ஆகியவற்றையும் அறிவுறுத்துவார்.

கீழ்முதுகு வலியைக் குறைக்க இம்முறை ஓரளவு உதவுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. எலும்பு முறிவு, எலும்பு மெலிவு போன்ற குறை உடையோருக்கு இதனால் தீங்கும் நேரலாம். கழுத்தை விசையுடன் திருப்புதல் மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது. முறையாகப் பயின்றவரே இதனைச் செய்தல் வேண்டும்.

நாம் கற்பது

ஸ்டில் எல்லாவற்றிலும் சரியாகச் சிந்தித்தார் என்று கூற இயலாது. நுண்ணுயிர்களால் வரும் நோய்களையும் கைகளால் தீர்க்கலாம் என அவர் நம்பினார், அது பிழை. அவர்தம் பிள்ளைகளைக் கொண்டுசென்ற மூளைக்காய்ச்சலுக்கு, அவர் காலத்துக்குப் பின்னர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தடுப்பூசிகளுமே தீர்வு தந்தன. அவர் வழிவந்த அமெரிக்க மருத்துவர்கள் இன்று மருந்து, அறுவை மருத்துவம், கைமருத்துவம் ஆகிய மூன்றையும் கற்கின்றனர்.

எனினும் ஸ்டில்லின் பெருமை குன்றவில்லை. தீங்கு செய்யும் மருந்தைத் தீங்கு என்று சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. ஆற்றொணாத் துயரத்திலும் அவர் சோர்ந்து அமரவில்லை. பிறர் பிள்ளைகளேனும் பிழைக்க வேண்டும் என்று வழி தேடினார். தேடியவர் கண்டதில் குறை இருக்கலாம். அத்தேடலே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.

அருஞ்சொற்பொருள்

அறவே – முற்றிலும்
செவ்வனே – சரியாக
இசைவு – ஒப்புதல்
ஏளனம் – இகழ்ச்சி
ஆற்றொணா – தாங்க முடியாத

பயிற்சி

1. சிறுவன் ஸ்டில் தன் தலைவலியை எவ்வாறு போக்கிக்கொண்டான்?
2. ஸ்டில் மாற்று மருத்துவம் தேடியதற்குரிய காரணங்கள் இரண்டு எழுதுக.
3. ஸ்டில்லின் கருத்துகளுள் இன்றும் பயன்தருவது எது? பிழையானது எது?
4. ‘மெல்ல மெல்ல’, ‘பையப்பைய’ என்னும் தொடர்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
5. உம் குடும்பத்தார் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக.