யார் பணம் இது? ரைஃபைசன் வாழ்க்கை சொல்லும் பாடம்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதிக் கொடுங்க என்று கேட்டாங்க. யாரை எழுதலாம் என்று யோசித்தேன். பல வருஷத்துக்கு முன்னால் கணக்குப் பயிற்சிக்குப் போனபோது காதில் விழுந்த ஒரு பெயர் ஞாபகம் வந்தது. ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். ஜெர்மனி நாட்டுக்காரர். அவர் செத்து 130 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாயில் நுழையக் கஷ்டமான பெயர்தான். ஆனால் நாம் மாசா மாசம் பாய் விரித்து உட்கார்ந்து சேமிப்புக் கட்டி, தீர்மானம் போட்டு, உள்கடன் கொடுக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு அவர் ஒரு தாத்தா முறை என்றே சொல்லலாம்.

1818 மார்ச் 30-ஆம் தேதி, ஜெர்மனியில் சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாவது. அப்பா ஊர் நிர்வாகியாக இருந்தவர். இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பாவின் ஆதரவு போய்விட்டது. அம்மாதான் இத்தனை பேரையும் கரை சேர்த்தார். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வசதி இல்லை. ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். 17 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேயும் நிலைக்க முடியவில்லை. கண்ணில் நோய் வந்து, 1843-ல் பட்டாளத்தை விட்டு வந்தார். அந்தக் கண் நோய் கடைசி வரைக்கும் அவரை விடவில்லை.

1845-ல் வையர்புஷ் என்ற ஊருக்கு மேயராகப் போனார். மேயர் என்றதும் நம்ம மாநகராட்சி மேயரை நினைக்க வேண்டாம். இருபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு நிர்வாகி, அவ்வளவுதான். மலைக்காட்டுப் பகுதி, மண்ணும் அவ்வளவு வளமில்லை. அவர் போன மறு வருஷமே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்கு அழுகிப்போனது, தானியமும் விளையவில்லை. 1846, 47 குளிர்காலத்தில் ஜனங்க பட்டினி கிடந்தாங்க. அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுத்தால்தான் கொடுக்கணும் என்று உத்தரவு. ஏழைகிட்ட ரொக்கம் ஏது? ரைஃபைசன் துணிந்து கடனுக்குக் கொடுத்தார். ஊரில் வசதியானவர்களைக் கூட்டிப் பணம் போட வைத்து, ரொட்டிச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார். பொது அடுப்பு கட்டி, ரொட்டி சுட்டு, குறைந்த விலைக்கு, அதையும் கடனாகவே கொடுத்தார்கள். விளைச்சல் வந்ததும் ஜனங்க கடனைத் திருப்பிக் கட்டினாங்க. ஏழை கடனைக் கட்ட மாட்டான் என்ற பேச்சு பொய் என்பதை அன்றைக்கே கண்ணால் பார்த்துவிட்டார்.

1848-ல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு மாற்றல். அங்கே பட்டினியைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றைக் கண்டார். மாட்டுக் கடன். மாடு வாங்க ஏழை விவசாயி வட்டிக்காரனிடம் போவார். தவணை தவறினால் வட்டிக்கு வட்டி ஏறும். கடைசியில் மாடும் போகும், நிலமும் போகும். பெரிய வங்கிகளுக்கு இந்தக் குடியானவர்கள் கண்ணிலேயே படவில்லை. அடமானம் வைக்கச் சொத்து இல்லை, கேட்கிற தொகையும் சின்னது. 1849-ல் ரைஃபைசன் அறுபது பேர் போல வசதியானவர்களைச் சேர்த்து உதவிச் சங்கம் தொடங்கினார். அவர்கள் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பேற்று வெளியில் பணம் வாங்கி, ஏழைகளுக்கு மாடு வாங்கிக் கொடுத்தாங்க. அந்தக் கடனை அடைக்க 5 வருஷம் தவணை.

இந்த 5 வருஷத்தை நாம் கவனிக்கணும். மாடு வாங்கிய மறுவாரமே பணம் கொட்டாது. சினை பிடிக்கணும், கன்று போடணும், பால் கறக்கணும். தொழிலுக்கு எப்போது வருமானம் வருமோ அதற்கு ஏற்றபடி தவணை இருக்கணும் என்பதில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார். வாரத் தவணைக்குக் கடன் வாங்கி, ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்கி அவதிப்படுகிற நம்ம சகோதரிகளுக்கு இதன் அருமை தெரியும்.

1852-ல் நோய்வீட் பக்கத்தில் ஹெட்டெஸ்டோர்ஃப் ஊருக்கு வந்தார். 1854-ல் தரும சங்கம் ஒன்று தொடங்கினார். ஆதரவற்ற குழந்தைகளைக் கவனிப்பது, ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது, கடன் கொடுப்பது என்று எல்லாவற்றையும் அந்தச் சங்கம் எடுத்துக்கொண்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் வருஷம் போகப் போக வசதியானவர்களுக்குச் சலித்துப் போனது. ஊரார் கடனுக்கு நம்ம சொத்து ஏன் பொறுப்பாகணும் என்று ஒவ்வொருவராக விலக ஆரம்பித்தாங்க.

ரைஃபைசன் வாழ்க்கையில் இதுதான் திருப்பம். அவர் பக்தி உள்ள மனிதர். இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கணும் என்பது அவர் நம்பிக்கை. அந்த வழி நிலைக்கவில்லை என்று ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் மனசை மாற்றிக்கொண்டார். 1864-ல் ஹெட்டெஸ்டோர்ஃபில் கடன் சங்கமாக மாற்றி அமைத்தார். கடன் வாங்குகிறவரே உறுப்பினர், அவரே சங்கத்தின் சொந்தக்காரர்.

அந்தச் சங்கங்களுக்கு அவர் வகுத்த விதிகளைப் படித்தபோது நம்ம குழு விதிகளைப் படிக்கிற மாதிரியே இருந்தது. ஒரு சங்கம் சின்ன எல்லைக்குள் இருக்கணும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் தெரியும். கடன் உறுப்பினருக்கு மட்டும்தான், அதுவும் உருப்படியான காரியத்துக்குத்தான். ஒருவர் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. நிர்வாகிகள் சம்பளம் இல்லாமல் உழைக்கணும். மிச்சமாகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் சங்கத்தின் பொது நிதியாகச் சேர்க்கணும். சொத்துக்குப் பதிலாக நாணயத்தை ஈடாக வைத்த ஏற்பாடு இது.

இந்தச் சமயத்தில் அவருக்கே வாழ்க்கை இடிந்து விழுந்தது. 1863-ல் மனைவி எமிலி இறந்துபோனார். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1865-ல் உடல்நிலை காரணமாக வேலையும் போனது. சொற்பப் பென்ஷன், வீட்டில் பிள்ளைகள். பிழைப்புக்குச் சுருட்டுத் தொழில் செய்தார், பிறகு திராட்சை மது வியாபாரம் செய்தார். அப்போது கை கொடுத்தது மூத்த மகள் அமாலியே. அப்பாவுக்குக் கண்ணாக இருந்தது அந்தப் பொண்ணுதான். படித்துக் காட்டினாள், அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 1866-ல் கடன் சங்கங்களை எப்படி நடத்துவது என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்துத்தான் ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. அமாலியே கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா கூடவே இருந்து உழைத்தாள். புத்தகத்து அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கிறது. நம்ம மலரிலாவது அவள் பெயரும் இருக்கட்டும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லணும். கொடும் வட்டியை எதிர்த்தபோது யூத வியாபாரிகளை இனத்தின் பேரைச் சொல்லிப் பழித்தும் எழுதியிருக்கிறார். அது தப்புதான். கொடும் வட்டி வாங்குகிறவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். பார்க்க வேண்டியது வட்டியையும் தவணையையும்தான், சாதி மதத்தை இல்லை.

சங்கங்கள் பெருகியதும் புதுப் பிரச்சினை. ஒரு ஊரில் பணம் மிஞ்சிக் கிடக்கும், பக்கத்து ஊரில் பற்றாக்குறை. இதற்காக 1872-ல் நோய்வீட்டில் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வங்கியை ஏற்படுத்தினார். குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆன மாதிரிதான் இதுவும். 1888 மார்ச் 11-ல், 70 வயது முடிய சில நாள் இருக்கும்போது காலமானார். அப்போது அவருடைய சங்கங்கள் 400-க்கும் மேல் இருந்தன.

அந்த விதை நம்ம மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தபோது, வழி தேடச் சொல்லி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அரசு நியமித்தது. ஐரோப்பிய சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் பெரிய அறிக்கை கொடுத்தார். நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம், இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் நம்ம மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது பெண்கள் கையில் வந்ததும் இதே வழிதான். முதலில் சேமிப்பு, அப்புறம் கடன், ஒருவருக்கொருவர் பொறுப்பு.

எங்க குழுவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சுழல் நிதி வந்தபோது ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டோம். அரசாங்கப் பணம்தானே என்று யாரும் திருப்பிக் கட்டவில்லை, நானும்தான். அதே ஆட்கள் சேமிப்பிலிருந்து வாங்கிய உள்கடனை ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் கட்டியவர்கள். கொஞ்ச நாளில் ஒரு சகோதரிக்கு வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. பெட்டியில் பணம் இல்லை. அவள் கந்துவட்டிக்குப் போனாள். அதை அடைக்கக் காதில் கழுத்தில் கிடந்தது எல்லாம் போனது. அன்றைக்கு எங்க யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் தீர்மானம் போட்டு, எடுத்த பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தோம்.

ரைஃபைசன் பத்துப் பதினைந்து வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதுதான். யாரோ கொடுத்த பணம் என்று நினைத்தால் அது ஒரு சுற்றோடு போய்விடும். நம்ம பணம் என்று நினைத்தால் சுற்றிச் சுற்றி வரும். அதனால் எங்கே கடன் வாங்கினாலும் கேளுங்க. இது யார் பணம்? வட்டி யாருக்குப் போகிறது? தவணை நம்ம வருமானத்துக்கு ஒத்து வருமா? நமக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் போய்ப் பேச முடியும்? குழுப் பெட்டியில் கேட்டால் இந்த நாலுக்கும் நல்ல பதில் வரும். அந்தப் பதில் பொய்யாகாமல் இருக்க, அடுத்த கூட்டத்துக்கு அவரவர் பாக்கியைக் கையில் கொண்டு வாங்க. நானும் கொண்டு வருகிறேன்.