கிணற்றின் மேல் நிற்கும் கோயில்

எங்க வள்ளூர்ப் பக்கம் ஒரு முழம் தோண்டினா மணல், ஒரு ஆள் ஆழம் தோண்டினா தண்ணி, அதுக்கும் கீழே கறுப்புக் களி. இந்த மண்ணில் வீடு கட்டியவர்கள் எல்லாரிடமும் ஒரு விரிசல் கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதை மேற்குச் சுவர். தாத்தா உறைகிணறு இறக்கும் வேலை செய்தவர். வீடு கட்டும்போது அந்த மூலையில் மட்டும் ஆழமாகப் போகச் சொன்னார். செலவுக்குப் பயந்து அப்பா கேட்கவில்லை. இரண்டாவது மழைக்கே சுவர் உட்கார்ந்துவிட்டது. நான் டிப்ளமோவில் சிவில் எடுத்ததற்கு மார்க் ஒரு காரணம் என்றால், அந்த விரிசல் இன்னொரு காரணம்.

அதனால்தானோ என்னவோ, வகுப்பில் வெல் ஃபவுண்டேஷன் பாடம் வந்தபோது ஒரு பெயர் என் மனதில் ஒட்டிக்கொண்டது. தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட். சென்னை எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தைக் கட்டிய எஞ்சினியர். கிரேக்கக் கோயில் தூணையும் ரோமானியக் கோயில் குவிமாடத்தையும் நம்ம ஊர்க் கிணற்றின் மேல் நிறுத்தியவர். அவரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் கிடக்கும் கெர்ன்ஸி என்ற சின்னத் தீவில் 1775-இல் பிறந்தார். பதினேழு, பதினெட்டு வயதில், அதாவது நாம் பாலிடெக்னிக்கில் சேர்கிற வயதில், கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் எஞ்சினியராகச் சேர்ந்தார். புதுச்சேரி முற்றுகை, கொழும்பு, எகிப்துக்குப் போன படை என்று இளமை முழுக்கப் போரிலேயே கழிந்தது. அதையெல்லாம் நான் நீட்டப் போவதில்லை. நமக்கு வேண்டியது 1808.

அப்போது அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார். காவிரிக்குக் குறுக்கே பெரிய பெரிய செங்கல் வளைவுகளாலேயே பாலம் கட்டலாம் என்று யோசனை சொன்னார். அவ்வளவு அகலத்துக்குச் செங்கல் வளைவு நிற்காது என்றார்கள் மற்றவர்கள். மனுஷன் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. தன் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் வீச்சுள்ள ஒரு வளைவைக் கட்டிக் காட்டிவிட்டார்! பாலம் என்னவோ வரவில்லை. ஆனால் நிற்காது என்று சொன்ன அந்த வளைவு 1937 வரை நின்றது. கிட்டத்தட்ட 130 வருஷம். மறு வருஷமே, 1809-இல், கவர்னருக்கு எதிராக ராணுவ அதிகாரிகள் கிளப்பிய கலகத்தில் இவரும் மாட்டிக்கொண்டார். பதவியிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்.

சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு வேலைகள் குவிந்தன. இப்போது கதீட்ரல் ரோடு என்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அதில் ஒன்று. வரைபடம் கால்டுவெல் என்ற மூத்த எஞ்சினியருடையது, கட்டி முடித்தவர் இவர். (இலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1816-இல் அது அர்ப்பணம் செய்யப்பட்டது. இரண்டே வருஷத்தில் இவருடைய மனைவி எலிசபெத் இறந்துபோனார். அந்தத் தேவாலய வளாகத்தில் முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டவர் அவர்தான். தான் கட்டிய கோயில் வாசலில் முதல் குழி தன் மனைவிக்கே என்றால் ஒரு மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதே 1818-இல்தான் எழும்பூர் கிர்க்குக்கு அஸ்திவாரம் போட்டார்கள். இடமோ சதசதப்பான இடம். கல்லைப் போட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இந்தச் சிக்கல் புதிதல்ல. ஆதி கிரேக்கர்கள் எபேசஸ் நகரத்தில் ஆர்ட்டெமிஸ் தேவதைக்குக் கட்டிய கோயிலும் சேற்று நிலத்தில்தான் எழுந்தது. உலக அதிசயம் ஏழில் ஒன்று என்று சொல்வார்களே, அதேதான். அடியில் கரியைக் கொட்டி மிதித்து, அதன்மேல் ஆட்டுத்தோலைக் கம்பளியோடு பரப்பி அஸ்திவாரம் போட்டதாக ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

டி ஹாவிலண்ட் கரியைத் தேடிப் போகவில்லை. நம்ம ஊர்க்காரன் ஆண்டாண்டு காலமாகச் செய்துவந்த வித்தையை எடுத்துக்கொண்டார். வட்ட வட்டமாகக் கிணறுகளை இறக்குவது. உள்ளே மண்ணை வாரி எடுக்க எடுக்க, சுற்றுச்சுவர் தன் பாரத்திலேயே கீழே போகும். கெட்டித் தரை வந்ததும் உள்ளே நிரப்பிவிட்டால் கிணறே தூண் ஆகிவிடும். 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை அப்படிப் பல கிணறுகள். அவற்றின் தலையில்தான் அந்த முழுக் கட்டடமும் உட்கார்ந்திருக்கிறது.

மேலே இருப்பதை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். சென்ட்ரலில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால் 166 அடிக்கும் மேலான அந்தக் கூர்ங்கோபுரம் தெரியும். முகப்பில் பன்னிரண்டு அயோனிக் தூண்கள், தலையில் ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருள். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய தேவாலயத்தைப் பார்த்துப் போட்ட முகப்பு அது. உள்ளே போனால் வட்டம். ரோமில் இருக்கும் பாந்தியன் கோயில் ஞாபகம் வரும், அளவுதான் சின்னது. ஆழமில்லாத குவிமாடம், நீல வானம், தங்க நட்சத்திரம். மரச்சட்டம் வைத்தால் கரையான் விடுமா? செங்கலை வளையம் வளையமாகக் கட்டி, இடையில் கூம்பு மாதிரி மண்பாண்டங்களை அடுக்கிப் பாரத்தைக் குறைத்திருக்கிறார். இத்தாலியில் ராவென்னா நகரத்துத் தேவாலயக் குவிமாடத்திலும் இப்படி உள்ளே வெற்றான சுட்ட மண் குழாய்கள் உண்டு. அது ஆறாம் நூற்றாண்டு வேலை.

அந்தக் குவிமாடத்தைத் தாங்குவது பதினாறு கொரிந்தியன் தூண்கள். அதன் தலைப்புக்கு ஒரு கதை உண்டு. விட்ருவியஸ் என்ற ரோமானிய எஞ்சினியர் சொல்வது. கொரிந்து நகரத்தில் கல்யாண வயதில் ஒரு பெண் செத்துப்போனாள். அவள் ஆசையாய் வைத்திருந்த சாமான்களைக் கூடையில் போட்டு, மேலே ஓட்டை மூடி, சமாதியில் வைத்தாள் தாதி. வேனில் வந்ததும் அடியிலிருந்து ஒரு முள்செடி துளிர்த்துக் கூடையைச் சுற்றி இலை விரித்தது. வழியே போன சிற்பி கல்லிமாக்கஸ் அதைப் பார்த்துத் தூணின் தலையில் செதுக்கினான். மனைவியை இழந்த வருஷத்தில் வேலை தொடங்கிய டி ஹாவிலண்டுக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்திருக்குமா? நான் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றபோது எனக்கு வந்தது.

1821-இல் கிர்க் திறக்கப்பட்டது. இவருக்கு நம்ம வடசென்னையோடும் ஒரு கணக்கு உண்டு. அப்போது கடல் கறுப்பர் பட்டணத்தின் வாசல் வரை வந்து அரித்துக்கொண்டிருந்தது. கோட்டையிலிருந்து ராயபுரம் வரைக்கும் கரையோரமாக ஒரு கல் அணைச்சுவர் போட யோசனை சொல்லி, கட்டியும் கொடுத்தார். பின்னால் 1870-களில் துறைமுக வேலை தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே காசிமேடும் திருவொற்றியூரும் எண்ணூரும் அரிபட ஆரம்பித்தன. இன்றைக்கும் பாறாங்கல்லைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

1825-இல் ஓய்வு பெற்றுச் சொந்தத் தீவுக்குப் போனார். அங்கே நீதிமன்றப் பொறுப்பெல்லாம் பார்த்துவிட்டு, 1866-இல், தொண்ணூறு வயதில் காலமானார்.

போன விடுமுறையில் தாத்தாவை அத்திப்பட்டில் ரயில் ஏற்றி கிர்க்குக்குக் கூட்டிப்போனேன். அயோனிக், கொரிந்தியன் என்று நான் விளக்கியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். 50 அடி என்று சொன்னதும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார், திரும்பக் கீழே பார்த்தார். உள்ளே இறங்கினவங்க பேரு எங்கே எழுதியிருக்கு என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மட்டும், இறக்குகிற உறை ஒரு பக்கம் சாய்ந்தால் எந்தப் பக்கத்து மண்ணை முதலில் எடுக்க வேண்டும் என்று ஊர் வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். உயர்ந்து நிற்கிற பக்கத்தைத்தான் எடுக்கணுமாம். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

வரும் கோடையில், தண்ணி கீழே போனதும், எங்க வீட்டு மேற்கு மூலையில் இரண்டு கிணறு இறக்கப்போகிறோம். இந்த முறை அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.