பள்ளியை விட்டார், வாசிப்பை விடவில்லை



காமராசரைப் பத்தி நமக்குத் தெரியாதது என்ன இருக்குன்னு நினைப்பீங்க. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் வந்தா பேச்சுப்போட்டி, மிட்டாய். இலவசக் கல்வி, மதிய உணவு, அணைகள்னு மனப்பாடமாச் சொல்லிருவோம். நான் எழுதப்போறது அவர் வாசிச்ச கதையை.

காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் நம்ம விருதுநகரில் பிறந்தார். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். சின்ன வயசிலேயே தந்தை இறந்துவிட்டார். சத்திரிய வித்யாசாலா பள்ளியில் படித்தவர், குடும்பக் கஷ்டத்தால் ஆறாம் வகுப்போடு நின்றார். தாய்மாமன் துணிக்கடையில் வேலை.

அத்தோட அவர் படிப்பு முடிஞ்சதுன்னு நினைச்சா அது தப்பு. அவர் தினமும் பத்திரிகை வாசிச்சார். பாரதியார் பாட்டு, பங்கிம் சந்திரர் எழுத்து எல்லாம் அவர் மனசுல பதிஞ்சது. 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது அவருக்கு 15 வயது. நம்மள விட ஒரு வயசுதான் கூட! துணி கிழிச்சுக் கொடுத்த பையனுக்கு பஞ்சாபில் நடந்த கொடுமை தெரிய வந்து, மனசு துடிச்சது. பிறகு காங்கிரசில் சேர்ந்தார்.

1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக அலிப்பூர் சிறைக்குப் போனார். மொத்தம் ஆறு முறை சிறை, 3000 நாட்களுக்கு மேல். அந்த நாட்களை வீணாக்காமல் புத்தகங்கள் படித்தார். யாரும் பரீட்சை வைக்கலை, மார்க்கும் போடலை. தானா விரும்பிப் படிச்சார்.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார். அவர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பொது நூலகங்களுக்கும் இயக்குநர். பள்ளிக்கூடமும் நூலகமும் சேர்ந்தே வளர்ந்தது அப்படித்தான். 1975 அக்டோபர் 2-இல் காமராசர் மறைந்தார்.

இதை ஏன் எழுதுறேன்னா, நம்ம பக்கத்துல பாதியில படிப்பை விட்டுட்டு தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போன அக்காமார் நிறையப் பேர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிஞ்சவங்கதான். ஆனா இப்ப பஸ் போர்டைத் தவிர எதையும் வாசிக்கிறதில்லை. வாசிப்புன்னா பரீட்சைன்னு பழகிட்டாங்க. நாமளும் அப்படித்தான். முழுப்பரீட்சை முடிஞ்சதும் புத்தகத்தை எடைக்குப் போட்டுர்றோம். தீபாவளிக்கு மறுநாள் தெருவுல கிடக்கிற வெடிக் காகிதத்தைப் பாருங்க, ஏதோ ஒரு பாடத்தோட பாதி வரி இருக்கும்.

தோழிகளே! கதையோ, விடுகதையோ, விண்வெளியோ, பிடிச்சதை எடுத்து வாசிங்க. பிடிக்கலைன்னா மூடி வச்சுட்டு வேற எடுங்க. நாளைக்கு யார் பள்ளியை விட்டு எங்க போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஆசிரியர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். வாரத்துல ஒரு பீரியடாவது நூலக அலமாரியைத் திறந்து விடுங்க. அன்னைக்கு மட்டும் கேள்வி கேக்காதீங்க, சுருக்கம் எழுதச் சொல்லாதீங்க. சும்மா வாசிக்க விடுங்க, ஐயா, டீச்சர்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி