நம்பிக்கைக்கும் கணக்கு வேண்டும்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில், வேலைநேரம் மாறும் மாலைப் பொழுதில் நிறுவனப் பேருந்துகள் வந்து நிற்கும். காக்களூர், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்தவர்கள் களைப்போடு இறங்கி வருவார்கள். பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய கைப்பேசிகளுக்குத்தான் அந்தச் செய்தி வருகிறது. வீட்டிலிருந்தபடியே பகுதிநேரத் தொழில், சிறு முதலீடு, நாள்தோறும் வருமானம் என்று அது அழைக்கிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆனால், அதில் ஒரு பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழின் படம் இருக்கிறது. பணம் வந்து சேர்ந்ததாக நூறு பேர் சாட்சி சொல்கிறார்கள்.

இதை நம்பலாமா, கூடாதா? இன்றைய இணையம் எழுப்பும் கேள்விபோல் தோன்றினாலும், ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை நகரம் இதற்கு மிகுந்த விலை கொடுத்து விடை தேடியது. அந்தத் தேடலில் முன்னின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவருடைய வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த கிருஷ்ணசாமி ஐயர், கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1885-இல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். அந்நாளைய மயிலாப்பூர், சட்டம் படித்தவர்களின் கோட்டை. அங்கே கூடிய இளம் வழக்குரைஞர்கள் தீர்ப்புகளை அலசி ஆராய்ந்ததன் விளைவாக 1891-இல் தோன்றியது 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற சட்ட இதழ். அதை வளர்த்தெடுத்தவர்களில் கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். நீதிபதிகளின் தீர்ப்புகளைக்கூட ஆதாரத்தோடு விமர்சிக்கலாம் என்ற துணிவை அந்த இதழ் வளர்த்தது. பெரிய இடத்திலிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத மனப்பாங்கு அவரிடம் அப்போதே உருவாகிவிட்டது.

தொழிலில் புகழும் பொருளும் சேர்ந்தபோது அவர் பொதுப்பணிகளில் இறங்கினார். மயிலாப்பூரில் ஆயுர்வேத மருத்துவசாலையும் சம்ஸ்கிருதக் கல்லூரியும் அவருடைய முயற்சியால் எழுந்தன. இரண்டும் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்பவை. அரசியலில் அவர் மிதவாதி. படிப்படியான சீர்திருத்தத்தையும் சட்டவழிப் போராட்டத்தையும் நம்பியவர்.

இந்த நிலையில்தான் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்தது.

அந்நாளில் சென்னையின் பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்கள் என்றால் பாரி, பின்னி, ஆர்பத்நாட் ஆகிய மூன்றையும்தான் சொல்வார்கள். அவற்றுள் ஆர்பத்நாட் நிறுவனம் ஒரு நூற்றாண்டுப் பழைமை உடையது. வணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தியது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று வட்டி கொடுத்தது. அதன் தலைவர் ஜார்ஜ் ஆர்பத்நாட், 'சர்' பட்டம் பெற்றவர். நகரின் முதன்மையான மனிதர்களுள் ஒருவர். ஜமீன்தார்கள், அரசு அலுவலர்கள், ஓய்வூதியர்கள், கைம்பெண்கள் என்று பலதரப்பட்டவர்களும் தங்கள் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். கடற்கரைச் சாலையில் கட்டடம், பெயருக்கு முன்னால் பட்டம், ஒழுங்காக வந்துகொண்டிருந்த வட்டி - இவற்றுக்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றே அனைவரும் கருதினர்.

அக்டோபர் 20-ஆம் நாள், அந்த நிறுவனத்தின் லண்டன் பங்காளியான பாட்ரிக் மக்ஃபாடியன் தற்கொலை செய்துகொண்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 22, திங்கள்கிழமையன்று சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்திக் கதவடைத்தது. லண்டனில் நடந்த ஊக வணிகத்தில் பெரும்பணம் கரைந்திருந்தது. நிறுவனம் பல காலமாகவே உள்ளுக்குள் நொடித்திருந்தது என்பதும், அதை மறைத்துக்கொண்டே புதிய வைப்புத்தொகைகளைப் பெற்றுவந்தது என்பதும் பின்னர் வெளிவந்தன. வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. பின்னி நிறுவனமும் அந்த அதிர்ச்சியில் ஆட்டம் கண்டது.

அப்போது பணம் போட்டவர்களின் பக்கம் நின்று நீதிமன்றத்தில் வாதாடியவர் கிருஷ்ணசாமி ஐயர். ஆட்சியாளர்களின் இனத்தைச் சேர்ந்த, பட்டம் பெற்ற ஒரு பெருமகனின் கணக்குப் புத்தகங்களை நீதிமன்றத்தில் திறந்து வைக்கச் செய்வது அன்று சிறிய செயல் அன்று. முடிவில் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

வழக்குரைஞராக அவருடைய கடமை அத்தோடு முடிந்தது. ஆனால், அவர் அங்கே நிற்கவில்லை. ஒருவர் சிறைக்குப் போவதால் இழந்த பணம் திரும்பிவிடாது; அடுத்த ஆர்பத்நாட் தோன்றாமல் இருக்கப் போவதும் இல்லை. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பதும் நியாயமாகாது. நம்பத்தக்க வேறு இடம் அவர்களுக்கு எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். ஆர்பத்நாட் ஒரு சில பங்காளிகளின் தனியார் நிறுவனம். அதன் கணக்கு எப்படியிருக்கிறது என்று பணம் போட்டவர் அறிய வழியே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உரிமையாளரின் முகமும் பெயரும்தான்.

நிறுவனம் வீழ்ந்த சில நாள்களிலேயே, இந்தியர்களால் நடத்தப்படும் ஒரு வங்கியைத் தொடங்கும் முயற்சியில் நகரப் பிரமுகர்கள் சிலரோடு அவர் இறங்கினார். நகரத்தார் வணிகர்களின் ஆதரவும் திரட்டப்பட்டது. அது சுதேசிய உணர்வு பொங்கிய காலம். ஆர்பத்நாட் வீழ்வதற்கு ஆறு நாள்களுக்கு முன்புதான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகியிருந்தது. 1907 மார்ச் 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் செயல்படத் தொடங்கியது. ஒரு குடும்பத்தின் பெயரில் அல்லாமல், பங்குதாரர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய கூட்டுப்பங்கு நிறுவனமாக அது அமைந்தது. 1969-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்த வங்கி, இன்றும் நம் ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

கிருஷ்ணசாமி ஐயரின் இயல்பை விளக்கும் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1907-இல் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன், இளைஞரான பாரதியாரை அவரிடம் அழைத்துச் சென்றார். பாரதியார் தீவிர தேசியவாதி; மிதவாதிகளைத் தம் எழுத்தில் கடுமையாகத் தாக்கிவந்தவர். அவருடைய பாடல்களைக் கேட்ட கிருஷ்ணசாமி ஐயர் உருகிப்போனார். அவற்றை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு இலவசமாக வழங்கப் பொருளுதவி செய்தார். கொண்டுவந்தவர் எதிரணிக்காரர் என்பதால் கவிதையைத் தள்ளவில்லை. எதிரே நின்றவர் 'சர்' பட்டக்காரர் என்பதால் வழக்கை விட்டுவிடவும் இல்லை. இரண்டு இடங்களிலும் அவர் மேலுறையை விலக்கிவிட்டுப் பொருளைத்தான் பார்த்தார்.

1909-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911-இல் ஆளுநரின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 48 மட்டுமே.

கூட்டுப்பங்கு நிறுவனமாக இருந்தாலே வங்கி வீழாது என்று சொல்லிவிட முடியாது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் பாடம் கற்றே பாதுகாப்புகள் வலுப்பெற்றன. 1949-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2020 முதல் அதன் வரம்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம். எனவே, வங்கியில் பணம் போடும்போது நமக்கு இருக்கும் நம்பிக்கை வெறும் மன உணர்வு அன்று. பலர் இழந்ததன் பயனாக, கல்மேல் கல்லாகக் கட்டி எழுப்பப்பட்ட கோட்டை அது.

கைப்பேசியில் வரும் அழைப்பு, அந்தக் கோட்டையைவிட்டு நம்மை வெளியே கூப்பிடுகிறது. இன்றைய மோசடியின் வழிமுறை பெரும்பாலும் ஒன்றுதான். காணொலிக்கு விருப்பக்குறி இடுவது, உணவகத்துக்கு மதிப்பெண் போடுவது போன்ற எளிய வேலை தருவார்கள். முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். பிறகு, அதிக வருமானம் தரும் வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். நம் பெயரில் தொகை பெருகுவதாகத் திரையில் எண்கள் ஏறும். எடுக்க முயன்றால் வரி என்பார்கள், கட்டணம் என்பார்கள். கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்க மேலும் பணம் கட்டுங்கள் என்பார்கள். ஆர்பத்நாட்டில் ஒழுங்காக வந்த வட்டி எதை மறைத்ததோ, அதையேதான் இங்கே முதலில் வரும் இருநூறு ரூபாயும் மறைக்கிறது. பணம் வந்தது என்பது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை ஆகாது.

ஆகவே, எந்த இணையத் தொழில் வாய்ப்பையும் சில கேள்விகளால் சோதிக்க வேண்டும். முதலாவது, பணம் எந்தத் திசையில் போகிறது? வேலை கொடுப்பவர்தான் கூலி கொடுப்பார். வேலை பெறுவதற்கே பணம் கட்டச் சொன்னால் அங்கே முறை தலைகீழாக இருக்கிறது. இரண்டாவது, வருமானம் எதிலிருந்து வருகிறது? பொருளை விற்றா, சேவை செய்தா, ஆள் சேர்த்தா? ஆள் சேர்ப்பதிலிருந்து மட்டுமே வருகிறது என்றால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படியே பணச்சுழற்சித் திட்டங்கள் தடை செய்யப்பட்டவை. மூன்றாவது, யார் பொறுப்பு? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரும் இயக்குநர்களும் இருக்கிறார்களா என்று பார்க்கலாம். ஆனால், பதிவு இருப்பதாலேயே பொதுமக்களிடம் பணம் திரட்ட அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. ஜி.எஸ்.டி. எண்ணும் அத்தகைய உரிமம் அன்று. வைப்புத்தொகை பெற ரிசர்வ் வங்கியிடமோ உரிய அமைப்பிடமோ அனுமதி இருக்கிறதா என்பதை 'சசேத்' என்ற இணையதளத்தில் அறியலாம். பங்குச் சந்தை முதலீடு என்றால் செபியின் பதிவுப் பட்டியலில் தேடலாம். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணத்தை இழந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது.

இந்தக் கேள்விகள் நேர்மையான தொழிலை ஒருபோதும் புண்படுத்தா. தைத்த துணியை இணையத்தில் விற்கும் பெண்ணும், கைப்பேசி வழியே பாடம் சொல்லும் ஆசிரியரும் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்வார்கள். கேள்வி கேட்டதும் கோபிப்பவர், அவசரப்படுத்துபவர், வீட்டாரிடம் சொல்லாதீர்கள் என்பவர் - இவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

சமூகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதால் அவர் வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்கிறார். அந்த மௌனமே மோசடிக்காரனுக்கு மூலதனமாகிறது. ஒப்பந்தத் தொழிலாளி கூடுதல் வருமானம் தேடுவது பேராசை அன்று. மாதச் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போதாதபோது எழும் தேவை. வேலை முடிந்து அவர்கள் இறங்கும் பேருந்து நிறுத்தத்திலும், தொழிற்சாலை உணவுக்கூடத்திலும், ரயில் நிலையத்திலும் இந்தக் கேள்விகளும் 1930 என்ற எண்ணும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வங்கிக் கிளைகளும் மனம் வைத்தால் இது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று.

1906-இல் பணத்தை இழந்தவர்களை மூடர்கள் என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணசாமி ஐயர் தம் அலுவலகத்துக்குத் திரும்பியிருக்கலாம். அவர் அவர்களுக்காக வாதாடினார். அவர்களைப் போன்றவர்கள் நம்பிப் பணம் போட ஓர் இடத்தையும் உருவாக்கினார். மணவாள நகரில் பேருந்திலிருந்து இறங்கும் தொழிலாளிக்கு நாம் செய்ய வேண்டியதும் அதுவே. ஏமாந்தால் அவர் பக்கம் நிற்க வேண்டும். ஏமாறுவதற்கு முன்பே, கணக்கைக் கேட்கும் பழக்கத்தை அவரிடம் வளர்க்க வேண்டும்.