களஞ்சியக் காப்பாளர் கண்ட உண்மை



யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் வன்னிக்குச் செல்வோர் ஆனையிறவைக் கடந்தே செல்வர். இருமருங்கும் கடல்நீரேரி. கோடையில் நீர் வற்றிய இடமெல்லாம் உப்பு வெண்மையாக விளைந்து கிடக்கும். அதற்கு அப்பால் கிளிநொச்சியில், நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியக் காப்பாளராக ஒருவர் இளமையில் பணிபுரிந்தார். அவரே பிற்காலத்தில் ஈழத்தவர் போற்றிய யோகர் சுவாமிகள்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் சைவக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறுவயதில் இழந்து, கொழும்புத்துறையில் உறவினரின் ஆதரவில் வளர்ந்தார். நமது சம்பத்திரிசியார் கல்லூரியில் கல்வி பயின்றார். பின்னரே கிளிநொச்சி உத்தியோகம் கிடைத்தது.

களஞ்சியக் காப்பாளரின் பொறுப்பில் ஆணி முதல் அலவாங்கு வரை எத்தனையோ பொருள்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றேனும் அவருடையதன்று. கணக்கை ஒப்புவித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். உடலும் அறிவும் பெயரும் இத்தகையனவே என்று ஒருவன் உணர்வானாயின், 'நான்', 'எனது' என்பவை எங்கே நிற்கும்?

1905ஆம் ஆண்டளவில், நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளை அவர் கண்டார். ஊரார் செல்லப்பரைப் பைத்தியக்காரர் என்றே எண்ணினர். அவரோ வந்தவர்களை ஏசினார், விரட்டினார். பலர் விலகினர், யோகர் விலகவில்லை. உத்தியோகத்தைத் துறந்து அவர் காலடியில் இருந்தார். படித்தவன், உத்தியோகத்தன், பக்தன் என்று மனிதன் தன்னைப்பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்கள் அந்த ஏச்சுக்களில் ஒவ்வொன்றாய் உடைந்தன.

குருவுக்குப்பின் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியே அவர் இருப்பிடமாயிற்று; பின்னர் ஒரு சிறு குடில். கமக்காரரும் நீதிபதிகளும் அவரைத் தேடிச் சென்றனர். மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபுவின் மகனே அவருக்குச் சீடரானார். 1935இல் 'சிவதொண்டன்' இதழ் தோன்றியது. தன்னை அறிதலே அவர் போதனையின் சாரம். 1964 மார்ச் 24ஆம் நாள் சுவாமிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அத்துவிதம் என்றதும் நம்மில் சிலர் அஞ்சுவதுண்டு. உப்புக்கட்டி நீரில் கரைவதுபோல் ஆன்மா இறைவனில் கரைகிறது என்பதை நமது விசுவாசம் அப்படியே ஏற்பதில்லை. படைத்தவர் வேறு, படைப்பு வேறு. அன்பு செய்ய இருவர் வேண்டும். ஆயினும் கரைய வேண்டியது ஒன்று உண்டு. அது நமது அகந்தை. இதனைச் சிலுவை நமக்குக் கற்பிக்கிறது. பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததையும் நாம் மறத்தலாகாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இதே ஆனையிறவில் 1991, 2000, 2009ஆம் ஆண்டுகளில் இரத்தம் சிந்தப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, எல்லாம் மாயை என்று உரைப்பது ஞானமன்று, கொடுமை. பொய்யென்று ஞானிகள் சொல்வது அவளுடைய கண்ணீரையன்று. அக்கண்ணீரைக் கண்டும் நமது கௌரவத்தையே எண்ணிக்கொண்டிருக்கும் 'நான்' உண்டே, அதுவே பொய்.

அந்த 'நான்' உங்களுள் எங்கே ஒளிந்திருக்கிறதென்று அறிய விரும்புகிறீர்களா? நீங்கள் செய்த நன்மைக்கு மற்றொருவர் பாராட்டுப் பெறும் நாளில் உங்கள் உள்ளத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்.